செப்டம்பரில் கேட்டு என்ன பயன்?

அமெரிக்க மத்திய அரசின் கல்வித் துறை பள்ளிகளுக்குக் கொடுக்கும் நிதிகளில் மிகப் பெரியது ‘டைட்டில் ஒன்’. ஆண்டுக்கு ஏறக்குறைய 1,840 கோடி டாலர். ஏழைப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் பள்ளிகளுக்கான பணம் இது. நாட்டின் அரசுப் பள்ளிகளில் பாதிக்கும் மேற்பட்டவை இதைப் பெறுகின்றன. இந்தப் பணத்தில் நூற்றுக்கு ஒரு டாலரையாவது பெற்றோர் பங்கேற்புக்கென்று தனியாக எடுத்து வைக்க வேண்டும் என்கிறது சட்டம். எடுத்து வைத்ததில் பத்தில் ஒன்பது பங்கு பள்ளிகளுக்கே போக வேண்டும். அதை எதற்குச் செலவழிப்பது என்ற முடிவிலும் பெற்றோர் இருக்க வேண்டும். ஐந்து லட்சம் டாலர் வரை மட்டுமே பெறும் சின்ன மாவட்டங்களுக்குத்தான் இந்த ஒரு சதவீதக் கட்டாயம் இல்லை.

படிக்க நன்றாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் சுருதி இறங்கும். ஒரு பள்ளி மாவட்டத்துக்கு 30 லட்சம் டாலர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதவீதம் 30,000 டாலர். பள்ளிகளுக்குப் போவது 27,000. ஒன்பது பள்ளிகள் என்றால் தலைக்கு 3,000. பள்ளிக்கு 450 பிள்ளைகள் என்றால், ஒரு பிள்ளையின் குடும்பத்துக்காக வருடம் முழுக்கச் செலவழிக்க ஏழு டாலர்கூடத் தேறாது. அழைப்பிதழ் அச்சடிப்பது, மொழிபெயர்ப்பாளருக்குக் கொடுப்பது, கூட்டம் நடக்கும்போது கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வைப்பது எல்லாம் இந்த ஏழு டாலருக்குள் அடங்க வேண்டும்.

தொகை சிறியது என்பதை மன்னித்துவிடலாம். பணம் எங்கே போகும் என்று எல்லாம் முடிவாகி, கையெழுத்தும் ஆன பிறகு பெற்றோரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, “உங்கள் கருத்து?” என்று கேட்கிறார்களே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. அமெரிக்காவின் ஏராளமான பள்ளிகளில் ஆண்டுதோறும் நடப்பது அதுதான். சட்டத்தை மீறி நடப்பதல்ல இது. சட்டத்தின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு காகிதத்தைத் தயார் செய்துகொண்டே, அதன் நோக்கத்தைக் கவனமாகச் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.

இவ்வளவு காகிதம் ஏன் வந்தது என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. 1965 ஏப்ரல் 11 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன், டெக்ஸாஸில் தான் சிறுவனாகப் படித்த ஓரறைப் பள்ளிக்கு வெளியே மேஜை போட்டு உட்கார்ந்து, தொடக்க, இடைநிலைக் கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். பக்கத்தில் அவருக்கு முதன்முதலில் பாடம் சொல்லிக்கொடுத்த கேட் லோனி டீச்சர். இளைஞராக இருந்தபோது கொட்டுல்லா என்ற ஊரில் மெக்ஸிக்கோ வம்சாவளிப் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்தவர் ஜான்சன். அவர்கள் பசியோடு வகுப்புக்கு வந்ததைப் பிற்பாடு நாடாளுமன்றத்திலேயே சொன்னார். அந்தச் சட்டத்தின் முதல் பாகம்தான் டைட்டில் ஒன்.

மசோதா விவாதத்தில் இருந்தபோதே செனட்டர் ராபர்ட் கென்னடிக்கு ஒரு சந்தேகம் இருந்தது. ஏழைப் பிள்ளைகளை அதுவரை கைவிட்டிருந்த அதே நிர்வாகங்களிடம் பணத்தைக் கொடுத்தால், நிலைமை எப்படி மாறும்? பணத்தால் என்ன பலன் கிடைத்தது என்று அளந்து சொல்ல வேண்டும், அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பெற்றோர் பள்ளியைக் கேள்வி கேட்க முடிய வேண்டும் என்று வற்புறுத்தினார். அவர் சந்தேகப்பட்டது வீண்போகவில்லை. 1969-இல் ரூபி மார்ட்டின், ஃபிலிஸ் மெக்ளூர் என்ற இரண்டு பெண்கள் டைட்டில் ஒன் பணம் போன வழியைத் தேடி, தணிக்கை ஆவணங்களைப் புரட்டி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ‘ஏழைப் பிள்ளைகளுக்கு இது உதவுகிறதா?’ என்ற கேள்வியே அதன் தலைப்பில் இருந்தது. மாவட்டங்கள் பல அந்தப் பணத்தை எல்லாப் பள்ளிக்கும் பொதுவான செலவில் கரைத்திருந்தன. தேவைக்கு மேல் கருவிகள் வாங்கப்பட்டிருந்தன. நீச்சல்குளம்கூட வாங்கியிருந்தார்கள்.

அதன் பிறகுதான் விதிகள் இறுகின. மாநிலமும் மாவட்டமும் ஏற்கெனவே செலவழித்துக்கொண்டிருந்த பணத்துக்குப் பதிலாக இதைப் போடக் கூடாது, கூடுதலாகத்தான் போட வேண்டும் என்ற விதி வலுப்பெற்றது. கூடவே பெற்றோர் ஆலோசனைக் குழுக்கள் வந்தன. 1974 திருத்தம் மாவட்டத்துக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று என்று கட்டாயமாக்கியது. உறுப்பினர்களில் பெரும்பான்மையினர் திட்டத்தில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோராக இருக்க வேண்டும் என்றது. 1978 திருத்தம் தேர்தல் நடைமுறையையே எழுதிவைத்தது. எல்லாக் குழுக்களும் நன்றாக நடந்தன என்று சொல்ல முடியாது. பல இடங்களில் தலைமை ஆசிரியர் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்ட குழுக்களும் இருந்தன. ஆனாலும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு தாய், ஒரு தகப்பன் கூட்டத்தில் எழுந்து, “இந்த வரியில் இருக்கும் இருபதாயிரம் டாலர் எங்கே?” என்று கேட்பதற்கு ஒரு பதவியும் ஒரு நாற்காலியும் இருந்தன.

1981-இல் ரீகன் ஆட்சி அந்த நாற்காலியை எடுத்தது. விதிகளைக் குறைத்து உள்ளூர் நிர்வாகத்துக்குச் சுதந்திரம் கொடுக்கிறோம் என்று வந்த புதிய சட்டத்தில், பெற்றோரைக் கலந்தாலோசித்தால் போதும், குழு கட்டாயமில்லை என்று ஆனது. கட்டாயம் போனதும் குழுக்கள் ஊர் ஊராக மறைந்தன. 1988-இல் பெற்றோர் பங்கேற்பு மறுபடி சட்டத்துக்குள் வந்தது. 1994-இல் ஒரு சதவீத ஒதுக்கீடும், பள்ளிக்கும் பெற்றோருக்கும் இடையிலான உடன்படிக்கையும் சேர்ந்தன. புஷ் காலத்துச் சட்டம் அவற்றை விரித்தது. 2015 டிசம்பரில் ஒபாமா கையெழுத்திட்ட இப்போதைய சட்டம் ‘பெற்றோர்’ என்பதோடு ‘குடும்பம்’ என்பதையும் சேர்த்துக்கொண்டது. பாட்டி வளர்க்கும் பிள்ளைகள் நிறைந்த நாட்டில் அது நியாயமான திருத்தம்தான். எல்லாம் திரும்பி வந்தன. தேர்தல் நடத்தி அமைத்த குழு மட்டும் வரவில்லை.

அதன் இடத்தில் வந்தது ஆண்டுக் கூட்டம்.

செப்டம்பர் மாதத்து மாலை ஆறு மணி. பள்ளியின் உணவுக்கூடம். வாசலில் ஒரு மேஜை, அதன்மேல் வருகைப் படிவம்: பெயர், பிள்ளையின் பெயர், வகுப்பு, கையெழுத்து. தனியாகக் கூட்டம் வைத்தால் ஆள் வரமாட்டார்கள் என்பதால், வகுப்பறைகளைப் பெற்றோர் சுற்றிப் பார்க்கும் நாளோடு இதைச் சேர்த்து வைப்பது வழக்கமாகிவிட்டது. திரையில் ஸ்லைடுகள் ஓடும். டைட்டில் ஒன் என்றால் என்ன, நம் பள்ளி ஏன் இதில் இருக்கிறது, உங்கள் உரிமைகள் என்னென்ன. கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். “கேள்வி இருக்கிறதா?” பின்வரிசையில் ஒரு குழந்தை அழும். யாரோ பேருந்து நேரத்தைக் கேட்பார்கள். மறுநாள் காலை அழைப்பிதழின் பிரதி, நிகழ்ச்சி நிரல், வருகைப் படிவம், கூட்டக் குறிப்பு, ஸ்பானிய மொழியாக்கம் ஆகிய ஐந்தும் ஒரு கோப்புக்குள் போகும். மாநிலத்திலிருந்து ஆய்வுக்கு வருபவர் கேட்பது அந்தக் கோப்பைத்தான்.

இதில் இருக்கும் ஓட்டை நாட்காட்டியில் தெரியும். இந்தப் பணம் ஜூலை 1 முதல் மாவட்டங்களுக்குத் திறக்கிறது. அதற்கு முன்பே, வசந்த காலத்திலும் கோடையின் தொடக்கத்திலும், எந்தப் பள்ளிக்கு எவ்வளவு, எத்தனை வாசிப்பு ஆசிரியர்கள், எந்த மென்பொருள் என்று மாவட்டம் தீர்மானித்து, மாநிலத்துக்கு விண்ணப்பத்தை அனுப்பிவிடும். சம்பளம்தான் இதில் பெரும்பகுதி. ஆட்கள் ஆகஸ்டில் வேலைக்குச் சேர்ந்திருப்பார்கள். செப்டம்பரில் உணவுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும் தாயிடம் கருத்துக் கேட்கும்போது, அவர் மாற்றக்கூடிய டாலர் ஒன்றுகூடக் கல்லாவில் மிச்சம் இருக்காது. பெற்றோரைத் திட்டமிடலில், ஒழுங்கான முறையில், தொடர்ந்து, உரிய நேரத்தில் ஈடுபடுத்த வேண்டும் என்று சட்டம் சொல்லியிருக்கிறது. அந்த ‘உரிய நேரத்தில்’ என்பதைத்தான் யாரும் தணிக்கை செய்வதில்லை.

உடன்படிக்கையின் கதையும் இப்படியே. பள்ளி என்ன செய்யும், பெற்றோர் என்ன செய்வார்கள் என்று இரு தரப்பும் சேர்ந்து எழுத வேண்டிய காகிதம் அது. தொடக்கப் பள்ளியில் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஆசிரியரும் பெற்றோரும் உட்கார்ந்து, அந்தப் பிள்ளையின் படிப்பை முன்னிட்டு அதைப் பேச வேண்டும். நடைமுறையில் அது பள்ளி திறந்த முதல் வாரத்தில் புத்தகப்பையில் வந்து சேரும் பத்துப் படிவங்களில் ஒன்று. புகைப்பட அனுமதி, ஒவ்வாமை விவரம், அவசரத் தொலைபேசி எண், உடன்படிக்கை. மூன்று கட்டங்கள்: ஆசிரியர் உறுதி, பெற்றோர் உறுதி, மாணவர் உறுதி. ‘நான் தினமும் 20 நிமிடம் என் பிள்ளையோடு வாசிப்பேன்’ என்ற வரியின் கீழே, இரவு வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒருவர் கையெழுத்துப் போடுகிறார். வேடிக்கை என்னவென்றால், சட்டம் கையெழுத்தே கேட்கவில்லை. பேச்சைத்தான் கேட்டது. பேச்சுக்கு ரசீது கிடையாது, கையெழுத்துக்கு உண்டு. அதனால் பள்ளிகள் கையெழுத்தைச் சேகரிக்கின்றன.

இதற்கெல்லாம் மாவட்ட அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் டைட்டில் ஒன் ஒருங்கிணைப்பாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் நிலைமை பரிதாபமானது. மத்திய மானியப் பணத்தில் எந்தச் செலவும் தேவையானதாக, நியாயமானதாக, அந்தத் திட்டத்துக்கே உரியதாக இருக்க வேண்டும். கேளிக்கைச் செலவு கூடாது. பரிசுப் பொருள், நினைவுப் பொருள் கூடாது. இந்தப் பணத்தில் சம்பளம் வாங்குபவர் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் கொடுத்தார் என்பதற்குப் பதிவு வேண்டும். தணிக்கையில் ஒரு செலவு தள்ளுபடியானால், அந்தப் பணத்தை மாவட்டம் திருப்பிக் கட்ட வேண்டிவரும். இந்தப் பயத்தில் பல மாவட்டங்கள் சட்டத்தைவிடக் கறாரான விதிகளைத் தாங்களே போட்டுக்கொள்கின்றன.

சாப்பாடு இதற்கு நல்ல உதாரணம். கூட்டம் சாப்பாட்டு நேரத்தில் வந்தால் அளவான செலவில் உணவு கொடுக்கலாம் என்ற விளக்கம் உண்டு. ஆனால் கேள்வி வருமே என்று, “தண்ணீரும் பிஸ்கெட்டும் மட்டும்” என்று எழுதிவைக்கும் அலுவலகங்கள் இருக்கின்றன. கிடங்கில் பத்து மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு, இரண்டு பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஆறு மணிக் கூட்டத்துக்கு வரும் ஒருவருக்கு பிஸ்கெட் போதாது. போக்குவரத்துச் செலவையும் குழந்தைப் பராமரிப்புச் செலவையும் சட்டம் பெயர் சொல்லியே அனுமதித்திருக்கிறது. வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதையும் அனுமதித்திருக்கிறது. அந்த வரிகளைத் தேடி எடுத்துப் பயன்படுத்துபவர்கள் குறைவு. ரசீது சுலபமாகக் கிடைக்கும் செலவே முன்னால் நிற்கும்: தினக்குறிப்பேடு, வண்ணத் துண்டறிக்கை, யாரும் திறக்காத செயலிக்கு ஆண்டுச் சந்தா. ஆண்டு ஒதுக்கீட்டில் 15 சதவீதத்துக்கு மேல் செலவழிக்காமல் அடுத்த ஆண்டுக்கு எடுத்துப் போவதற்கும், மிகச் சிறிய மாவட்டங்கள் தவிர மற்றவற்றுக்குக் கட்டுப்பாடு உண்டு. எனவே ஆண்டு முடியும் நேரத்து அவசரக் கொள்முதல்களைப் பற்றி, இந்தத் துறையில் இருக்கும் யாரிடமும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மொழிப் பிரச்சினை இன்னும் ஆழமானது. வீட்டில் ஆங்கிலம் பேசாத குடும்பங்களுக்கு, முடிந்த அளவு அவர்களுக்குப் புரியும் மொழியில் தகவல் கொடுக்க வேண்டும் என்பது டைட்டில் ஒன் நிபந்தனை. அதற்கும் மேலே 1964 குடிமை உரிமைச் சட்டம் இருக்கிறது; சான் ஃபிரான்சிஸ்கோவின் சீன மொழிப் பிள்ளைகள் தொடுத்த லாவ் எதிர் நிக்கோல்ஸ் வழக்கில் 1974-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைப் பள்ளி வகுப்பறைக்குள் கொண்டுவந்தது. 2015 ஜனவரியில் கல்வித் துறையும் நீதித் துறையும் சேர்ந்து ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டன. பெற்றோரிடம் பேச மாணவரையோ, அவருடைய அண்ணன் அக்காவையோ, பயிற்சி இல்லாத ஊழியரையோ மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்தாதீர்கள் என்றது அது. காரணம் எளிது. கணக்கில் தோற்ற பன்னிரண்டு வயதுப் பையன், டீச்சர் சொல்வதை அம்மாவுக்கு எப்படி மொழிபெயர்ப்பான்?

2025 ஆகஸ்டில் அந்த வழிகாட்டுதல் திரும்பப் பெறப்பட்டது. சட்டம் அப்படியே இருக்கிறது, அதை எப்படி நடைமுறைப்படுத்துவது என்று விளக்கிய தாள் போய்விட்டது. அதே ஆண்டு ஜனவரியில், பள்ளிகள் போன்ற இடங்களில் குடியேற்ற அதிகாரிகள் நடவடிக்கை எடுப்பதைத் தவிர்க்கச் சொன்ன பழைய கொள்கையும் விலக்கப்பட்டது. ஆவணம் இல்லாத ஒரு தகப்பன் பள்ளி வாசலில் இருக்கும் வருகைப் படிவத்தில் தன் பெயரையும் கையெழுத்தையும் எழுதுவாரா? பங்கேற்புக்குச் சான்றாக வைத்த தாளே, சிலர் உள்ளே வராமல் திரும்பிப் போவதற்குக் காரணமாகிறது. இந்த முரண்பாட்டை எந்த ஆய்வுப் படிவமும் கணக்கில் எடுப்பதில்லை.

(அமெரிக்காவில் வீட்டில் தமிழ் பேசுவோர் மூன்று லட்சத்துக்கும் மேல். பெரும்பாலோர் வசதியான புறநகர்ப் பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்கவைப்பதால் டைட்டில் ஒன் பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பள்ளியோடு ஆங்கிலத்தில் மின்னஞ்சல் சண்டை போடத் தெரிந்த சமூகத்துக்கு இந்த விதிகள் தேவைப்படவும் இல்லை. விதிகள் யாருக்காக எழுதப்பட்டன என்பதை அந்த வசதியே காட்டுகிறது.)

வேறு விதமாகவும் செய்யலாம் என்பதற்கு அமெரிக்காவிலேயே சான்றுகள் இருக்கின்றன. கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோவில் 1990-களின் இறுதியில் பெற்றோரும் ஆசிரியர்களும் உள்ளூர்ச் சமூக அமைப்பு ஒன்றும் சேர்ந்து, ஆசிரியர்கள் வீட்டுக்குப் போகும் பழக்கத்தைத் தொடங்கினார்கள். அதன் விதிகள் கவனிக்கத்தக்கவை. இருவராகப் போக வேண்டும். இரு தரப்புக்கும் விருப்பமிருந்தால் மட்டும்தான். ‘பிரச்சினைப் பிள்ளைகள்’ வீட்டுக்கு மட்டும் போகக் கூடாது. போனால் தெருவே பார்க்கும், அந்தக் குடும்பம் கூசிப்போகும். ஆசிரியருக்கு அந்த நேரத்துக்கு ஊதியம் உண்டு. முதல் சந்திப்பில் மதிப்பெண் பட்டியலை வெளியே எடுக்கக் கூடாது, “உங்கள் பிள்ளை என்னவாக வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?” என்று கேட்டுவிட்டுப் பதிலைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். இந்த முறை பல மாநிலங்களுக்குப் பரவியது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்னர் பார்த்தபோது, இதை முறையாகச் செய்த பள்ளிகளில் பிள்ளைகள் தொடர்ந்து வகுப்புக்கு வராமல் போவது குறைந்திருந்தது.

சிகாகோவின் லோகன் ஸ்கொயர் பகுதியில் 1995-இல் தொடங்கியது இன்னொன்று. அங்கே தாய்மார்களை ‘வழிகாட்டிப் பெற்றோர்’ என்று வகுப்பறைக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். பெரும்பாலும் ஸ்பானிய மொழி பேசும், வேலைக்குப் போகாத பெண்கள். ஆசிரியருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வாசிக்கத் திணறும் நான்கைந்து பிள்ளைகளோடு தினமும் இரண்டு மணி நேரம் வேலை. சொந்தப் பிள்ளையின் வகுப்பில் மட்டும் வைக்க மாட்டார்கள். அதற்கு ஓர் உதவித்தொகை. அவர்களில் சிலர் பிறகு கல்லூரிக்குப் போய் இருமொழி ஆசிரியர்களாகவே திரும்பினார்கள். அதே நகரத்தில் 1988-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு குழுவை அமைத்து, தொடக்கப் பள்ளிக் குழுக்களில் ஆறு இடங்களைத் தேர்ந்தெடுக்கப்பட்ட பெற்றோருக்குக் கொடுத்தது. தலைமை ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரமும் அந்தக் குழுவுக்கு உண்டு. பதவி கிடைத்த பெற்றோரிடம் பேசும் தலைமை ஆசிரியரின் குரல், செப்டம்பர் ஸ்லைடு காட்டும் குரலாக இருக்காது.

எல்லாவற்றுக்கும் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதில்லை. மேற்கு வர்ஜீனியாவில் 22 நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளில், பிள்ளை வகுப்புக்கு வராதபோதும் வீட்டுப்பாடம் கொடுக்காதபோதும் பெற்றோரின் கைபேசிக்குத் தானாகக் குறுஞ்செய்தி போகும்படி செய்து பார்த்தார்கள். பாடங்களில் தோற்பது கால்வாசிக்கும் மேல் குறைந்தது. மாநிலத் தேர்வு மதிப்பெண் உயரவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் செலவு மிகச் சொற்பம். இந்த உதாரணங்களில் பணம் வாங்கியது ஆசிரியரின் மாலை நேரத்தை, தாயின் காலை நேரத்தை, சரியான சமயத்தில் கிடைக்கும் ஒரு தகவலை. இவற்றுக்கும் ரசீது எழுதலாம். எழுதத் தெரிந்த ஒருங்கிணைப்பாளரும், அதை ஏற்கும் ஆய்வாளரும் வேண்டும்.

விதிகளே வேண்டாம், பணத்தை மொத்தமாகக் கொடுத்துவிடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பது இப்போது உரத்துக் கேட்கும் வாதம். ஐயோவா, இண்டியானா போன்ற மாநிலங்கள் 2025-இல் இதற்கான சலுகைகளைக் கேட்டு விண்ணப்பித்தன. அதே ஆண்டு கல்வித் துறையின் ஊழியர்களில் ஏறக்குறையப் பாதிப் பேரைக் குறைக்கும் வேலை நடந்தது. நவம்பரில் டைட்டில் ஒன் நிர்வாகத்தைத் தொழிலாளர் துறையிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. காகிதத்தில் மூச்சுத் திணறும் ஒருங்கிணைப்பாளருக்கு இந்த வாதம் இனிக்கத்தான் செய்யும். ஆனால் 1981-இல் இதே மருந்தைக் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. அப்போது முதலில் காணாமல் போனது காகிதமல்ல, பெற்றோர் குழு. 1969 அறிக்கை காட்டிய முறைகேடுகளும் விதிகள் தளர்வாக இருந்த காலத்தில் நடந்தவையே. ஏழைகள் வாழும் ஊரில் உள்ளூர் சுதந்திரம் என்பது அந்த ஊரில் யாருடைய குரல் ஏற்கெனவே ஓங்கியிருக்கிறதோ அவர்களுடைய சுதந்திரமாகத்தான் பெரும்பாலும் முடியும்.

எனவே நிபந்தனை இருக்கட்டும். நிபந்தனையைச் சரிபார்க்கும் விதம் மாறட்டும். ஆய்வுக்கு வருபவர், “எத்தனை பேர் கையெழுத்துப் போட்டார்கள்?” என்பதை விட்டுவிட்டு, “பெற்றோர் சொல்லி இந்தத் திட்டத்தில் எந்த வரி மாறியது?” என்று கேட்கலாம். ஒரு வரியும் மாறவில்லை என்றால் ஏன் என்று கேட்கலாம். செப்டம்பர் கூட்டத்தை அறிமுகத்துக்கு வைத்துக்கொண்டு, பணத்தைப் பற்றிய கூட்டத்தை மார்ச் மாதத்திலேயே வைக்கலாம். வரைவு பட்ஜெட்டின் ஒரு பக்கச் சுருக்கம் அதற்கு ஒரு வாரம் முன்னால் புரியும் மொழியில் வீட்டுக்குப் போகலாம். இவற்றில் எதற்கும் நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. மாநிலக் கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் ஆகிவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. மாவட்டத்தின் திட்டம் பெற்றோருக்குத் திருப்தியாக இல்லாவிட்டால், அவர்கள் சொன்ன ஆட்சேபங்களைத் திட்டத்தோடு சேர்த்தே மாநிலத்துக்கு அனுப்ப வேண்டும் என்று இப்போதைய சட்டத்திலேயே ஒரு பிரிவு உள்ளது. 1981-க்குப் பிறகு பெற்றோர் கையில் மிஞ்சியிருக்கும் உருப்படியான ஆயுதம் அது. அப்படி ஒன்று இருப்பது செப்டம்பர் ஸ்லைடுகளின் உரிமைப் பட்டியலில் வந்தாலும் கடைசி வரியில், பொடி எழுத்தில் வரும். மாநிலங்கள் அந்த ஆட்சேபப் பக்கங்களை மாவட்ட வாரியாக இணையத்தில் போடலாம். எந்த மாவட்டத்திலிருந்து அந்தப் பக்கம் ஆண்டுதோறும் காலியாகவே வருகிறதோ, அடுத்த ஆய்வை அங்கிருந்து தொடங்கலாம்.